ஊருக்கே திறந்திருந்த என் முகவரி

ராஜபாளையத்தில் புருஷன் வீட்டை விட்டு வெளியேறி ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாகக் குடிவந்தபோது, என் முகவரி இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி அம்மா. இன்னொருத்தி மாடியை எனக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மா. புருஷன் கைநீட்டுகிற ஆள். என்னைக் கண்டுபிடித்தால் என்ன செய்வான் என்பதை அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்திருந்தான். அந்தப் பயத்தில் ரேஷன் கார்டைக்கூட மாற்றாமல் கிடந்தேன்.

பிழைப்புக்குத் தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டிகளை எடுத்து ஆன்லைனில் விற்றேன். பார்சலில் வீட்டு முகவரி வராது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த கூரியர் கடையின் முகவரிதான் இருக்கும். அவ்வளவு உஷாராக இருப்பதாக எனக்குள் ஒரு பெருமை வேறு. வியாபாரம் கொஞ்சம் சூடுபிடித்ததும், என் செல்லப் பெயரிலேயே ஒரு வெப்சைட் வைக்கலாம் என்று கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன்.

வெப்சைட் பெயரைப் பதிவு செய்யும்போது சென்டர்காரர் வீட்டு முகவரி கேட்டார். கூரியர் கடை முகவரியைக் கொடுக்கலாமா என்றேன்.

"உண்மையான அட்ரஸ் குடுக்கணும்க்கா. பொய்யாப் போட்டா பேரையே புடுங்கிருவாக."

எங்கள் ஊர்ப்பக்கம் முகவரி கதவு எண்ணோடு முடிகிற சங்கதி இல்லை. கூரியர்காரர் தெருத்தெருவாகச் சுற்றக்கூடாதே என்று அடையாளமும் சேர்த்துச் சொல்லித்தான் பழக்கம். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், நீலக் கேட், வெளிப்படி ஏறினால் மாடி. வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனது. அவரும் ஒன்றுவிடாமல் தட்டினார்.

கடைசியில் சின்னதாக ஒரு கட்டம் இருந்தது. அதிலிருந்த டிக்கை அவரே எடுத்துவிட்டார். அது என்ன என்று கேட்டேன்.

"பிரைவசிக்கா. நம்ம விவரத்த மறைக்கிறது. நைட்டி விக்கிறதுல மறைக்க என்ன இருக்கு? மறைச்சா ஃப்ராடு கம்பெனின்னு நினைப்பாக."

நல்ல மனுஷர்தான். தப்பு செய்தவர்கள்தான் மறைப்பார்கள் என்பது அவருடைய தீர்மானம். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. விவரம் எங்கோ ஓர் ஆபீசில் தூசி படிந்து கிடக்கும், எவன் எடுத்துப் பார்க்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே போன் வரத் தொடங்கியது. டிசைன் பண்ணித் தரவா, லோகோ போட்டுத் தரவா என்று ஒருவர் மாற்றி ஒருவர். அதில் ஒருவர், "மண்டபத்துக்குப் பின்னாடிதானே மேடம் நீங்க?" என்றார். அட்ரஸை யார் கொடுத்தது என்று கத்தினேன்.

"யாரும் குடுக்கல மேடம். வெப்சைட் பேரைப் போட்டுத் தேடினா வருது. யாரு வேணாலும் பாக்கலாம்."

ஓடினேன். சென்டர்காரர் பதறிப்போய் உடனே மறைத்துக் கொடுத்தார். ஆனால் அதற்குள் வேறேதோ ஒரு தளம் என் விவரத்தை அப்படியே பிரதி எடுத்து வைத்திருந்தது. "அத நம்மளால அழிக்க முடியாதுக்கா" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது.

புருஷனுடைய தங்கை என்னுடையது என்று தெரியாமலே ஒரு நைட்டி வாங்கியிருக்கிறாள். கவரில் என் செல்லப் பெயரிலிருந்த வெப்சைட் பெயர். ஆபீசில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஒரு முற்பகலில் பூவும் பழமுமாக வந்து நின்றான். கோபித்துக்கொண்டு போன மனைவியை அப்படி அழைக்க வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் புருஷன் யோக்கியன். அதன்பிறகும் போகாதவள்தான் திமிர்பிடித்தவள். வீட்டுக்கார அம்மாவே கேட்டைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, மாடிக்கு அழைத்து வந்தார்.

"ஒருத்தர்ட்டயும் வழி கேக்கலட்டி" என்று சிரித்தான். "மண்டபத்துக்குப் பின்னால, நீலக் கேட்டு, வெளிப்படி. எம்புட்டு அழகா எழுதி வச்சிருக்க."

"தேடி வந்திருக்காக, போ தாயி" என்றார் வீட்டுக்கார அம்மா. "ஒளிஞ்சு கெடக்க நீ என்ன கொலையா பண்ணிட்ட?"

"செத்த நேரம் இருங்க. துணி எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போய்த் தாழ் போட்டேன். நான் வரப்போவதில்லை என்று புரிந்ததும் அவன் சிரிப்பு போய்விட்டது. கதவை உதைத்தான். ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடிவந்த பிறகுதான் இறங்கிப் போனான். வீட்டுக்கார அம்மா கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளினார். இனியாவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன்.

"காலி பண்ணிரு தாயி. நமக்கெதுக்கு இந்த வம்பு" என்றார்.

காலி செய்துவிட்டேன், வெப்சைட்டையும் சேர்த்து. இப்போது இருக்கிற இடத்தை எவரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை. அவளுக்குத் தெரியாததை அவளிடமிருந்து எவனும் அடித்து வாங்க முடியாது. முதலில் போன் பேசும்போதெல்லாம் எங்கேடி இருக்க, எங்கேடி இருக்க என்று அழுவாள். இப்போது அதைக் கேட்பதில்லை. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.