ஸ்டெல்லாவின் பெயர் இல்லாத வெளியீடு

தாம்பரம் நிலையத்தில் மின்ரயிலுக்காக நின்றிருந்தபோது ஸ்டெல்லாவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்." ரயில் வந்தது, நான் ஏறவில்லை. இரும்புலியூரில் அவர்கள் வீட்டுக்கு நடந்தே போனேன்.

ஸ்டெல்லாவும் நானும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அலுவலக நேரம் போக, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிவந்த ஒரு திறமூல (ஓப்பன் சோர்ஸ்) இயங்குதளத்துக்காகவும் உழைத்தோம். உங்களில் பலருக்கு அதன் மின்னஞ்சல் மடலாடற்குழு வழியாகத்தான் ஸ்டெல்லாவைத் தெரியும். கோபக்காரி என்று தெரிந்திருக்கும். எதற்குக் கோபப்பட்டார் என்பது தெரிந்திருக்காது.

எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், எங்களிடம் இருந்தது மிகப் பழையது. அதைப் புதிய பதிப்புக்கு மாற்ற யாரும் முன்வராததால் ஸ்டெல்லா அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பழையது கண்டும் காணாமல் விட்ட தவறுகளையெல்லாம் புதியது பிடித்துக்கொண்டது. நேற்றுவரை ஓடிய நிரல்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. குழுவில் ஆளாளுக்குத் திட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "எதுக்கு மேடம் இந்தப் பேஜாரு? பழசே நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?"

"ஓடல சார். ஓடுற மாதிரி காட்டிட்டு இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். அன்று மாலையே ஸ்டெல்லாவின் மாற்றத்தை நீக்கிவிட்டுப் பழைய கம்பைலரையே திரும்ப வைத்தார்கள்.

அவர் விடவில்லை. படுத்த நிரல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்தார். மாதக்கணக்கில் அவருடைய சாப்பாட்டு இடைவேளைகள் அதிலேயே போயின. எல்லாத் திருத்தங்களையும் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினார். இந்த முறை ஒருங்கிணைப்பாளர் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார், தன் பெயரில்.

புதிய கம்பைலரோடு வந்த பதிப்பின் வெளியீட்டு விழாவில் ஒருங்கிணைப்பாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா, விழா முடிந்ததும் நேரே அவரிடம் போனார்.

"என் பேரு எங்க சார்?"

"டீம் ஒர்க் மேடம் இது. அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். "விடு ஸ்டெல்லா. உன் வேலை எல்லார் மிஷின்லயும் ஓடுதே, போதாதா?"

"போதாது. நீயும் ஆரம்பிக்காத."

அதோடு அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். அடுத்த பதிப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பெயர் வரவில்லை.

அடக்கத்துக்குக் குழுவிலிருந்து என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை. இரங்கல் மடல் மட்டும் வந்தது. 'சோதனைப் பணிகளில் உதவிய நம் குடும்பத்துச் சகோதரி' என்று அதில் எழுதியிருந்தது. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் வாசல்வரை வந்து நிற்பதுதான் இந்த ஊரில் நாங்கள் அறிந்த வழக்கம்.

அந்தத் திருத்தங்களைப் போன வாரம் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் தலைப்பிலும், பிழையை முதலில் சொன்னவரின் பெயரை ஸ்டெல்லா குறித்திருக்கிறார். அவரை வாய்க்கு வந்தபடி ஏசியவர்கள்தான் அதில் பாதிப் பேர். "இவனுங்களுக்கு எதுக்கு மரியாதை?" என்று அப்போதே கேட்டிருக்கிறேன். "திட்டினான்தான். ஆனா தப்பைப் பாத்துச் சொன்னதும் அவன்தானே?" என்றார். அந்தப் பெயர்களெல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பழக்கத்தைத்தான். யார் எனக்குத் திருத்தம் அனுப்பினாலும் முதலில் அனுப்பியவர் பெயரை எழுதுகிறேன், அதற்கப்புறம்தான் வேலை. எழுதும் ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.