கட்டிலுக்கு முன்னால் ஒரு ஸ்டியரிங்

லாரியில் எனக்கு ஒரு ஜோடி டிரைவர் இருந்தான். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நான் கொஞ்ச தூரம், அவன் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஒருவன் ஓட்டும்போது மற்றவன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்திருப்பான். உடம்பு தூங்கினாலும் அவன் காது தூங்காது. நான் கியரைக் கரகரவென்று தேய்த்துப் போட்டால் போதும், கேபின் சுவரை உள்ளங்கையால் ஓங்கி அறைந்து, "ஏப்பா, அது கியர் பாக்ஸா, மாவு மில்லா?" என்பான். அவன் தேய்த்தால் நான் அறைவேன். ஒருவரையொருவர் வைதுகொண்டே பாதி இந்தியாவைப் பார்த்துவிட்டோம்.

பிறகு ஒரு நாள் தார்ப்பாய் கட்டும்போது கயிற்றின் கொக்கி தெறித்து என் இடது கண்ணில் அடித்தது. கண் இருக்கிறது, பார்வை இல்லை. ஹெவி லைசென்ஸ் போயிற்று. இப்போது கோழித்தீவன ஆலை ஒன்றின் எடைமேடையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் ஓட்டி வரும் லாரிகளுக்கு எடை போட்டு அனுப்புகிறேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது என் ஜோடிக்காரனின் மரியாதைதான். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருவான். டீக்கடைக்குப் போக ரோட்டைக் கடந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வான். "பாத்து வாங்க சாமி" என்பான். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். புது டயர் எப்படி உழைக்கிறது என்று நானாகக் கேட்டாலும், "அதெல்லாம் எதுக்குங்க இப்ப, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று பேச்சை மாற்றிவிடுவான். துக்கம் விசாரிக்க வந்தவன் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவன் வாயால் பழையபடி ஒரு திட்டு வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அந்தத் திட்டு வேண்டுமென்றால் லாரி ஓட்டியாக வேண்டும்.

மகள் வெளியூருக்கு வேலைக்குப் போனபோது தன் கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப்போயிருந்தாள். லீவில் வந்தபோது அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, கேம்பேடு ஒன்றையும் கையில் கொடுத்தாள். கட்டைவிரலால் பன்னிரண்டு சக்கர வண்டியைத் திருப்ப வேண்டுமாம். விரலை லேசாக அசைத்தேன், வண்டி வயலுக்குள் போய் நின்றது. அடுத்து, கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டவென்றே விற்கும் சின்ன ஸ்டியரிங் ஒன்றை வாங்கினேன். அது முக்கால் சுற்றுக்கு மேல் சுற்றாது. பெடலும் இரண்டுதான், கிளட்ச் கிடையாது. மொபெட் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. விடாமல் தேடி மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தேன். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு இரண்டரைச் சுற்று, மூன்று பெடல், தனியாக ஒரு கியர் லிவர்.

பெட்டியின் மேலிருந்த படத்தில் கியரை வலது பக்கம் மாட்டியிருந்தார்கள். அவர்கள் ஊரில் டிரைவர் இடது பக்கம் உட்காருகிறான், எனக்கென்ன வந்தது. நான் இடது பக்கம் மாட்டினேன். விளையாட்டுக்குள்ளும் வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியாகப் பார்த்து எடுத்தேன். கார் ஸ்டியரிங் மாதிரி அது நிமிர்ந்து நின்றது. அடியில் சரிவான கட்டை கொடுத்து லாரி ஸ்டியரிங் போலப் படுக்க வைத்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல்கள் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு சுவர் வரை ஓடின. லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையைக் கொண்டுவந்து, சுவரோடு சேர்த்து இறுக்கினேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் கல்யாணப் பந்தியில் இருப்பது போலவே இருந்தது. பாடி கட்டும் பட்டறையில் கழித்துப்போட்டிருந்த டிரைவர் சீட்டு ஒன்று வீட்டுக்குள் வந்தது. சோபா வெளியே போனது.

"ஏனுங்க, அடுத்து டயரையும் ஊட்டுக்குள்ள உருட்டிட்டு வருவீங்களா?" என்றாள் மனைவி.

"எடம் இருந்தாப் பாக்கலாம்" என்றேன்.

அதோடு முடியவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே வண்டி திரும்பியது. எங்கள் வண்டியில் சற்று ஆட்டிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகும். அதை ப்ளே என்போம். தேடிப் பார்த்தால் அதைக் கூட்டிக் குறைக்கவும் செட்டிங்கில் ஒரு இடம் இருந்தது. போனில் மகளிடம் கேட்டேன். "அத சைபர்லயே வைங்கப்பா, அப்பத்தான் கரெக்டா திரும்பும்" என்றாள். கரெக்ட் யாருக்கு வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, என் கைக்குப் பழைய வண்டி தட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தினேன். கடைசியாகக் கட்டிலை இழுத்து, சீட்டுக்கு நேர் பின்னால், சுவரை ஒட்டிப் போட்டேன். அது அவனுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நான் வண்டியை நெரிசலுக்குள் நுழைத்து, வளைத்து, குடோன் வாசலில் ரிவர்ஸ் எடுத்து ஒரே மூச்சில் நிறுத்திக் காட்டினேன்.

"நல்லா ஓட்டறீங்க சாமி" என்றான்.

"நீ ஒரு கண்ணப் பொத்திக்கிட்டுப் பாரு."

பொத்திப் பார்த்தான். கையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தான். திரை தட்டையானது. அதன் முன்னால் எல்லாருக்கும் ஒற்றைக் கண்தான்.

"ஆமாங்க, வித்தியாசமே தெரியல" என்றான், அதே துக்க வீட்டுக் குரலில். "சரிங்க சாமி, போயிட்டு வாரேன்."

அன்று நான் சாப்பிடவில்லை. மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "அவரு நல்லாத்தானுங்க சொன்னாரு. எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"நல்லாச் சொன்னதுதான் பிரச்சனை."

"நான் ஒருக்கா உங்ககூட வண்டியில வந்தப்ப, ரெண்டு பேரும் அந்தக் கரகர சத்தத்துக்குத்தான சண்டை போட்டுக்கிட்டீங்க? இதுல அந்தச் சத்தமே வரலியே. அப்புறம் எதுக்கு வைவாரு?"

எனக்குச் சுரீர் என்றது. எழுந்துபோய் கிளட்சை மிதிக்காமலே கியரைத் தள்ளிப் பார்த்தேன். சமர்த்தாக விழுந்தது. செட்டிங்கைத் திறந்தால், பழகாதவர்களுக்கென்று இருக்கும் அத்தனை சலுகையும் எனக்குக் கிடைத்திருந்தது. கிளட்சை அதுவே பார்த்துக்கொள்ளும், வண்டி சாய்ந்தால் அதுவே நிமிர்த்திக்கொள்ளும். இங்கேயும் யாரோ என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக அணைத்தேன்.

அதன் பிறகு வண்டி என்னை மதிக்கவே இல்லை. கிளட்ச் சரியாக அழுந்தாவிட்டால் கியர் கத்தியது, விழ மறுத்தது. மேட்டில் நின்றது, வளைவில் கவிழ்ந்தது. ஆலையிலிருந்து வந்ததும் சீட்டில் ஏறிவிடுவேன். இடது முட்டி வீங்கியது. விடவில்லை. கியர்கள் ஒவ்வொன்றாகப் பழைய பழக்கத்துக்கு வந்தன.

அவன் மறுபடி வந்த நாளில், தொப்பூர் கணவாய் போலவே இறங்கும் ஒரு மலைப்பாதையை எடுத்தேன். பின்னால் முழு லோடு. அவன் ஆப்பிளை வைத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். நன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று எதையும் செய்யவில்லை, எனக்கும் மானம் இருக்கிறது. ஆனால் மேலேயே கியரைக் குறைத்திருக்க வேண்டும். வளைவு நெருங்கியபோதுதான் நான்கிலிருந்து மூன்றுக்கு இழுத்தேன். கிளட்சிலிருந்து கால் முந்தியே எழுந்துவிட்டது. கரகரவென்று கத்தியது. மூன்றும் விழவில்லை, நான்கும் போய்விட்டது. எந்தக் கியரும் இல்லாமல் வண்டி வேகம் பிடித்தது.

பின்னால் சுவரில் படாரென்று ஓர் அறை விழுந்தது.

"ஏப்பா, உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? மேலயே கியரக் கொறைக்காம இறக்கத்துல வந்து தடவற. லோடு வண்டிய நியூட்ரல்ல உட்டுட்டு எங்க போற, மாமியா ஊட்டுக்கா? அட, கிளட்ச மிதிப்பா."

மிதிப்பதற்குள் வண்டி பாறையில் மோதிப் படுத்துவிட்டது. சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். எனக்கோ அவ்வளவு சந்தோஷம். அவன் எதையும் கவனிக்கவில்லை. முகம் சிவந்து கட்டிலைவிட்டு இறங்கி வந்து, என் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"எந்திரி. நீ போயிப் படு. நான் ஓட்டறேன்."

எழுந்தேன். அவன் சீட்டை முன்னால் இழுத்தான். கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கிறது, ஸ்பிரிங்கை மாற்று என்றான். புது டயர் நாக்பூர் வெயிலில் எப்படி உரிந்தது என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தான். நான் கட்டிலில் படுத்து, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு, வண்டி மலையிறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கிலிருந்து மூன்றுக்கு வந்தான். கரகரவென்றது.

கையை ஓங்கிச் சுவரில் அறைந்தேன்.