மூன்றாம் மாடிக் கயிறு

தாமுவே பகுதியில் பெரியப்பாவின் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. யாங்கூனின் பழைய அடுக்குமாடிகளில் எல்லா வீட்டுக்கும் உள்ளதுபோல அவர் வீட்டுப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கியது. மேல்நுனியில் மணி, கீழ்நுனியில் கூடை. கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும்; வீட்டார் வந்து கூடையை மேலே இழுத்து, உள்ளதை எடுத்துக்கொண்டு மறுபடி இறக்கிவிடுவார்கள்.

அம்மாவும் அப்பாவும் லைங் தாயாவின் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியலிலேயே பேருந்தேறிவிடுவதால், அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நான் அங்கேதான் இருந்தேன். பெரியப்பா அப்போது குளியலறையில் வழுக்கி விழுந்து தேறியிருந்த சமயம். எலும்பு கூடிவிட்டது; துணிவு திரும்பவில்லை. உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண், நாற்காலியிலிருந்து எழுந்து அமரவும், கைகளை உயர்த்தி இறக்கவும், கூடத்தில் மெல்ல நடக்கவும் பழக்கிவிட்டுப் போனார். அவர் இருந்தவரை பெரியப்பா மாணாக்கரில் தலைசிறந்தவராக விளங்கினார். அவர் படியிறங்கியதும், "நான் என்ன சர்க்கஸ் குரங்கா?" என்று உட்கார்ந்தவர்தான்.

அவருடைய ஏக்கமெல்லாம் கீழேயிருந்த பாயின் டீக்கடைதான். மாலைதோறும் நண்பர்களோடு அங்கே அமர்ந்து பழகியவர். ஆனால் எங்கள் ஊர் டீக்கடை முக்காலிகள் முழங்கால் உயரம்கூட இராதவை. உட்கார்ந்துவிடலாம். எழுந்திருக்க நாலுபேர் கைகொடுக்க, தெருவே வேடிக்கை பார்க்கும். அந்தக் காட்சியை நினைத்தே அவர் படியிறங்க மறுத்தார்.

பெரியம்மா வாதிடவில்லை. ஒருநாள் பால்கனியோரம் இருந்த அவருடைய நாற்காலியைக் கூடத்தின் மறுகோடிக்கு நகர்த்தினார், வெயில் அடிக்கிறதாம். அதன் மேலிருந்த மெத்தைகளில் ஒன்று துவைக்கப் போய்த் திரும்பவேயில்லை. அடுக்களையில் தமக்குக் கை ஒழியாததால், மணி அடித்தால் அவரே பார்க்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து பாய்க்கு மறதி வந்தது.

காலையில் மணி அடிக்கும். பெரியப்பா கைப்பிடியை ஊன்றி எழுந்து, சுவரைத் தொட்டபடி நடந்து, கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றை இழுப்பார். நாளிதழ் வரும். திரும்பி வந்து அமர்ந்ததும் மீண்டும் மணி.

"அண்ணே, சமூசா வைக்க மறந்துட்டேன்! இழுங்க!"

"பாய், பால் கொதிக்கிறப்ப உம்ம மூளையும் சேர்ந்து ஆவியாயிடுச்சா?"

"வயசாகுதுல்ல அண்ணே!"

"எனக்கு ஆகறதுக்கு முந்தியே உமக்கு ஆகுதே!"

சமூசாவுக்குப் பின் தனியே சட்னி வரும். நான் ஓடிப்போய் எடுக்க எழும்போதெல்லாம், பெரியம்மாவிடம் எனக்கென்று உரிக்க ஒரு வெங்காயம் இருந்தது. பாய்க்காக நான் மெய்யாகவே வருந்தினேன். வல்லாரை தின்றால் நினைவாற்றல் பெருகும் என்று கேள்விப்பட்டு, ஒரு கட்டு வல்லாரையைக் கூடையில் வைத்து அவருக்கு இறக்கினேன். அதைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் மேலே பார்க்காமல் நின்றார்.

விடுமுறையின் இறுதியில் பெருமழை வந்தது. தெருவில் தண்ணீர் தேங்கியது, டீக்கடை திறக்கவில்லை. பெரியம்மா அடுக்களை வாசலுக்கு வருவதும், ஏதோ சொல்ல வாயெடுப்பதும், திரும்புவதுமாக இருந்தார். பிறகு குளிக்கப் போனார்.

குளியலறைக் கதவு சாத்தியதும் பெரியப்பா எழுந்தார். சுவரைத் தொடவில்லை. மழையில் தொங்கிய வெறுங்கூடையை மேலே இழுத்தார், இறக்கினார், வந்து அமர்ந்தார், மறுபடி எழுந்து போனார்.

"அதுல ஒண்ணுமே இல்லியே பெரியப்பா?"

"கயிறு துருப்பிடிச்சிடக் கூடாதுல்லம்மா. பெரியம்மாகிட்ட சொல்லாத."

கயிறு துருப்பிடிக்காது, மணிதான் பிடிக்கும் என்று நான் திருத்தினேன். அவர் பணிவோடு ஒப்புக்கொண்டார். குளித்து வந்த பெரியம்மா, பால்கனியிலிருந்து நாற்காலிவரை சொட்டியிருந்த ஈரத்தைப் பார்த்தார். துணி எடுத்துவந்து துடைத்தார்.

தண்ணீர் வடிந்த ஒரு மாலை பெரியப்பா படியிறங்கினார். நானும் பெரியம்மாவும் மேலேயிருந்து பார்த்தோம். பாய் கொண்டுவந்த உயரமான நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு முக்காலியில் அமர்ந்தார். நெடுநேரம் பேசினார். பின்பு முழங்காலில் கை ஊன்றித் தாமாகவே எழுந்தார். தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே எங்கள் கயிற்றடிக்கு வந்து மணியை அடித்தார். பெரியம்மா கூடையை இழுத்தார், சமூசா இருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும் மீண்டும் மணி.

"சட்னி வைக்க மறந்துட்டேன்! வந்து இழு!"

பெரியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாயின் மறதி பெரியப்பாவுக்கும் தொற்றிவிட்டதே என்ற கவலையில், வல்லாரை ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க நான் அடுக்களைக்கு ஓடினேன்.