மூன்று தவணையில் வேளாங்கண்ணி

“ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு, மாலை. மரக்காணம் தாண்டியாயிற்று. சாலையின் கடலோரப் பக்கம் இரட்டைத் தண்டுப் புளியமரம். எதிரே கூரை போட்ட டீக்கடை, நீலப் பெஞ்சு. மரத்துக்குத் தெற்கே கைப்பம்பு. அண்ணி இங்கே நின்றார்.”

இது என் கையெழுத்து. நாளும் இடமும் குறித்து வைப்பது என் பழக்கம்தான் என்றாலும், இந்தக் குறிப்பை அண்ணி பக்கத்தில் நின்று கேட்டு வாங்கினார். “தம்பி, நல்லா எழுதிக்கோ. அடுத்த வருஷம் இதே எடத்துலேந்துதான் நான் கால எடுத்து வெக்கணும்” என்றார். எழுதியதை ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு காவித் துண்டின் ஓரத்தைக் கிழித்து மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினார். டீக்கடைக்கார அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மரம் எங்கம்மா போயிடப் போவுது? நீ மொதல்ல வந்து சேரு” என்றார். அந்தச் சாலை நான்கு வழியாவதற்கு முந்தைய வருடம் அது.

எங்கள் வீடு ராயபுரத்தில். அண்ணன் டிரெய்லர் ஓட்டினார். துறைமுகத்துக்கும் எண்ணூர் பக்கத்துக் கிடங்குகளுக்கும் இடையே கன்டெய்னர்களை இழுப்பது வேலை. துறைமுகக் கேட்டில் வரிசை நகராமல் நிற்கும் நாட்களில் ஓட்டுநர்கள் என்ன செய்வார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனும் அதையே செய்தார். ஒரு விடியற்காலை, எண்ணூர் சாலையில் அவருடைய வண்டி ஓரத்து மணலில் இறங்கி நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணி அடுக்களையில் இருந்த மாதா படத்தின் முன் நின்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். ஒரு வருஷம் அவர் குடியைத் தொடாமல் இருந்தால், ராயபுரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ஓர் அடி விடாமல் நடந்தே வருகிறேன்.

வருஷம் நிறைந்தது. அண்ணன் தொடவில்லை.

புளியந்தோப்பில் பிறந்து, மாரியம்மன் கோயில் கூழை ருசித்து வளர்ந்தவர் அண்ணி. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜெபமாலையைக் கையில் எடுத்தார். ஆனால் நாங்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொண்டதை அவர் வாரம் முழுவதும் வைத்திருந்தார். வேண்டுதலை நிறைவேற்றும்வரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு உறுதியாக இருந்தது. துணைக்கு ஆள் வேண்டியிருந்ததால் என்னிடம் மட்டும் சொன்னார். மகளுக்கு நல்ல இடம் அமையத்தான் நடக்கிறாள் என்று அண்ணன் தானாக நினைத்துக்கொண்டார். அண்ணி மறுக்கவில்லை.

தடையாக வந்தது விடுப்புதான். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவருக்கு ஒப்பந்த வேலை. நாலு நாளுக்கு மேல் வராமலிருந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நாலு நாளில் வேளாங்கண்ணி போக முடியாது. ஆகவே அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். இந்த வருஷம் நடக்கிறவரை நடப்பது, நின்ற இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு பஸ்ஸில் திரும்புவது, அடுத்த ஆகஸ்ட்டில் அதே இடத்துக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து தொடங்குவது. மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

நடைப்பயணக் குழுவின் தலைவரிடம் இதைச் சொன்னபோது நான் கூட இருந்தேன். பல வருஷம் காவி உடுத்தி, மாதா சப்பரத்தை இழுத்துக்கொண்டு நடந்தவர் அவர். “இன்னாம்மா இது, டிவிக்கு டியூ கட்ற மாரி சொல்றியே! மாதா இன்னா தவணைக் கட வெச்சிகினு கீதா?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. “தவணைன்னா இன்னாண்ணே? கட்றவங்க கட்டி முடிச்சிட்டா பொருளு அவங்களுதுதானே” என்றார். தலைவர் அவருக்கும் ஒரு மாலை எடுத்துக்கொடுத்தார். பங்குச் சாமியார் இன்னும் இளகியவர். மாதா மனசைத்தான் பார்ப்பாள், முடிந்தவரை நட, போதும் என்றார். வெளியே வந்ததும் அண்ணி என்னிடம், “அவரு நல்ல மனசுல சொல்றாரு தம்பி. எனக்குக் கணக்கு நேரா இருக்கணும். நடுவுல ஒரு முழம் விட்டுப்போனாலும் அந்த முழத்து வழியா அது திரும்பி வந்துடும்” என்றார். அது என்றால் எது என்று நான் கேட்கவில்லை.

முதல் வருஷ நடையில் என் நினைவில் தங்கியது ஊரின் நீளம். கடற்கரை, மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர் என்று போய்க்கொண்டே இருந்தும் ஊர் முடியவில்லை. “இம்மாம் பெரிய ஊரா நம்மளுது? பஸ்ஸுல போச்சொல்ல தெரியலயே” என்று அண்ணி வியந்தார். செருப்பில்லாமல் நடந்தார். தார் சுடும் நேரத்தில் வெள்ளைக் கோட்டின் மேல் காலை வைத்து நடக்கக் கற்றுக்கொண்டார். கோடு கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்குமாம். நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒரே சூடுதான். வழியில் யாராவது மோர் கொடுத்தால் குடித்துவிட்டு அவர்கள் பெயரைக் கேட்பார். மாலையில் ஜெபமாலை சொல்லும்போது அந்தப் பெயர்களையெல்லாம் சேர்த்துக்கொள்வார். பெயர் மறந்துபோனால் “பச்சை கேட்டு வூட்டுக்காரம்மா” என்பார். மாதாவுக்கு விளங்கும் என்று நம்பினார்.

அடுத்த ஆகஸ்ட்டில் அண்ணன் தன் சிநேகிதரிடம் ஒரு குட்டி யானை சரக்கு வண்டியை இரவல் வாங்கினார். எங்களை அந்த மரத்தடியில் இறக்கிவிட்டு அப்படியே திரும்புவதாகத் திட்டம். குழு முன்னாலேயே போயிருந்தது; அன்று மாலை காலாப்பட்டுப் பக்கம் தங்கும், அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று தலைவர் சொல்லியிருந்தார். மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து, பாட்டுப் போட்டுக்கொண்டு, காலையிலேயே மரக்காணம் தாண்டினோம்.

மரம் இல்லை. அந்த மரம் மட்டுமல்ல, எந்த மரமும் இல்லை. சாலை இரண்டு மடங்கு அகலமாகி, நடுவில் தடுப்புச் சுவரோடு வெயிலில் கிடந்தது. டீக்கடை, நீலப் பெஞ்சு, கைப்பம்பு எதுவும் இல்லை. பழைய சாலை புதியதன் எந்தப் பாதிக்குள் போய்விட்டது என்றுகூடத் தெரியவில்லை. வண்டியை ஒருமுறை தெற்கே ஓட்டினோம், திரும்பி வடக்கே வந்தோம். நான் ஒரு சிறுபாலத்தைக் காட்டி, இதற்குப் பக்கத்தில்தான் என்றேன். அண்ணி இல்லை, இன்னும் அப்பால என்றார். என் போனில் மரத்தடியில் எடுத்த படம் இருந்தது. அதில் அண்ணியின் முகமும் மரப்பட்டையும்தான் தெரிந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் காட்டினோம். “இந்த மாதிரி நூறு மரம் இருந்துதுங்க” என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “டேய், பொயுது விடிஞ்சா எய்துகினே கீறியே, மரத்த வெட்டிட்டா இன்னா பண்றதுன்னு எய்தி வெக்கலயா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி, தடுப்புச் சுவரின் ஓரத்தில் குந்திவிட்டார். லாரிகள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் அவருக்கு எதிரே போய் நின்றார்.

“அய்ய, மரந்தானே? எங்கனா ஒரு எடத்துலேந்து ஆரம்பி. மாதா இன்னா டேப்பு எடுத்துகினு வந்து அளக்கப் போவுதா?”

“நடுவுல விட்டுப்போச்சுன்னா இன்னா பண்றது?”

“போனா போவுது. மவளுக்கு மாப்பிள்ள கெடைக்காமப் போயிடுவானா?”

“மவளுக்கு இல்ல” என்றார் அண்ணி. “உனுக்கு. நீ அத்த தொடாம இருந்ததுக்கு.”

தார்மீது நின்ற அண்ணனின் முகத்தை நான் பக்கவாட்டில்தான் பார்த்தேன். அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். ஊர் சிரிக்கும்படி ரோட்டில் நடந்தாயா என்று கேட்பார் என்று பயந்தேன். அவரோ ஒரு டேங்கர் லாரி போய் முடியும்வரை நின்றார். பிறகு, “உப்பளம் வரைக்கும் நீ நடந்தது நிச்சயமா?” என்று கேட்டார்.

நிச்சயம். மரக்காணத்து உப்பளத்தைக் கால்நடையாகக் கடந்ததில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. உப்புக் குவியல்களைப் பார்த்து அண்ணி அங்கே சிறிது நேரம் நின்றிருக்கிறார்.

“அப்ப அங்கேந்து நட. எங்க நின்னியோ அந்த எடம் எப்படியும் உள்ளதான வரும்? சொச்சத்த ரெண்டு தபா நடந்தா மாதா கோச்சுக்கும்னா, என் பேரச் சொல்லு.”

எங்களை உப்பளத்துக்கு ஏற்றிப்போனார். அண்ணி இறங்கியதும் தானும் இறங்கிச் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார். “சந்தேகமான தூரம் முடியிற வரைக்கும் நானும் வரேன்” என்றார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே அவர் அதை முன்னாலிருந்த பெட்ரோல் பங்க் நிழலில் கொண்டுபோய் நிறுத்தி, என்னைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, உப்பளத்துக்குத் திரும்ப நடந்தார்.

அவர்கள் வடக்கிலிருந்து வருவதை வெகுதூரத்திலேயே பார்த்தேன். காவிப் புடவையில் அண்ணி முன்னால், பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, தலையில் துண்டோடு அண்ணன் இரண்டடி பின்னால். வெறுங்காலில் நடந்து பழகாதவர் என்பதால் கோழி நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். என்னைக் கடக்கும்போது, “ரேடியோவப் போட்டு பேட்டரிய காலி பண்ணிடாத நைனா” என்றார். போய்விட்டார்கள்.

சந்தேகமான தூரம் முடியும்வரை வருவதாகத்தான் அவர் சொன்னார். ஆனால் அது எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் நிற்கவில்லை. நான் அங்கே பகல் முழுவதும் இருந்தேன். வெயில் இறங்கும் நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நின்றது. அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வயதானவரைப்போல் ஒவ்வொரு படியாக இறங்கினார். அண்ணியைக் காலாப்பட்டில் குழுவோடு சேர்த்துவிட்டு வந்திருந்தார். காலாப்பட்டு புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம். எல்லையைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மதுக்கடைகள் வரிசையாக இருக்கும். சென்னையிலிருந்து வரும் ஓட்டுநர்களுக்கு அந்த இடம் கண்ணை மூடினாலும் தெரியும். நான் அதை நினைத்தது அப்போதுதான்.

“காலு பேஜாராயிடுச்சு. ஒரு சோடா வாங்கினு வா” என்றார். வாங்கிவந்து, கொடுக்கும் சாக்கில் மிக அருகில் குனிந்தேன். வியர்வையும் தூசியும் மணத்தன. வேறொன்றும் இல்லை. நான் எதற்குக் குனிந்தேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். சோடாவைக் குடித்து முடித்து, “இன்னா, பாஸா?” என்று கேட்டார்.

அந்த வருஷம் அண்ணி சிதம்பரம் பஸ் நிலையத்தில் நிறுத்தினார். பஸ் நிலையத்தை யாரும் வெட்டமாட்டார்கள் என்றார். அதற்கடுத்த ஆகஸ்ட்டில் அங்கிருந்து நடந்து, கொடியேற்றத்துக்கு முதல் நாள் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தோம். கடலில் காலை நனைத்துக்கொண்டு நின்றவர் அழவில்லை. “முடிஞ்சுது தம்பி” என்று சொல்லி, பசிக்கிறது என்றார். திரும்பும் பஸ்ஸில், வேண்டுதல் முடிந்துவிட்டதால் இனி சொல்லலாம் என்று, எல்லைக் கடைகளைத் தாண்டிய அந்தப் பகலைப் பற்றிச் சொன்னார்.

“எனக்கு அங்க அத்தினி கட கீதுன்னே தெரியாது. நான் முன்னால போய்கினு கீறேன். ஒரு கடகிட்ட இவரு நின்னுட்டாரு. திரும்பிப் பாக்காமயே தெரிஞ்சுது. பாக்கலாமான்னு இருந்துச்சு. பாத்தா அவருக்கு அவமானமாப் பூடும். நடந்துகினே இருந்தேன். ஒரு வூடு தாண்டினேன், இன்னொரு வூடு தாண்டினேன். அப்பால பின்னாடி இருமுற சத்தம் கேட்டுது. வந்துகினுதான் இருந்தாரு.”

இப்போது அண்ணி இல்லை. காய்ச்சல் என்று படுத்தவர், ஒரு வாரத்தில் போய்விட்டார். அண்ணன் இன்னும் டிரெய்லர் ஓட்டுகிறார். கேட்டில் வரிசை நகராத நாட்களில் வண்டிக்குள்ளேயே தூங்குகிறார். அண்ணி போன பிறகு அவருக்கு என்ன ஆகுமோ என்று உறவினர்கள் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. இந்த ஆகஸ்ட்டில் காவி உடுத்தியவர்கள் எங்கள் தெருவழியாகச் சப்பரத்தை இழுத்துப்போனார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம், அன்று எல்லையில் நின்றீர்களா என்று முதல்முறையாகக் கேட்டேன்.

“யாரு சொன்னா? நிக்கவே இல்லடா” என்றார். “கடயே என் கண்ணுல படல. அவ குதிகாலு வெடிச்சு ரத்தம் வந்துகினு இருந்துச்சு. அத்தத்தான் பாத்துகினே நடந்தேன்.”

சப்பரம் தெருக்கோடியில் திரும்பும்வரை அவர் உள்ளே போகவில்லை. அன்று எல்லையில் நான் அவர்கள் இருவரோடும் நடக்கவில்லை. வேறு சாட்சியும் இல்லை. அவர் நின்றாரா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.