அட்டிகைக் கொக்கி

ஆம்பூர்த் தோல் ஷாப்பில் ரத்தினசாமி சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் அலசிய காலத்தில், அவன் பெண்சாதி எஸ்தருக்குக் கதவு என்று ஒன்று கிடையாது. ஓலைத் தட்டியைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போவாள். திருட வருகிறவன் பரிதாபப்பட்டு நாலணா வைத்துவிட்டுப் போகவேண்டிய வீடு அது! ஜெபத்தில் கண்ணை மூடினால் மூடியதுதான். பக்கத்தில் இருப்பவள் தொட்டு உலுக்கினால்தான் திறப்பாள்.

பத்து வருஷத்தில் ரத்தினசாமி மேஸ்திரி ஆனான். ஓட்டு வீடு வந்தது. தேக்குக் கதவு வந்தது. 1930-ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஐந்து சவரனில் அட்டிகையும், அதற்குத் துணையாக ஒரு பித்தளைப் பூட்டும் வந்தன. அட்டிகையின் கொக்கி பிடரியில் இருந்தது, போட்டுக்கொள்கிறவளுக்கு வசப்படாது. ஞாயிறுதோறும் எதிர்வீட்டு மஹ்பூபி வந்துதான் மாட்டிவிடுவாள்.

ஆனால் பெரிய வெள்ளிக்கிழமையன்று சபைப் பெண்கள் நகையெல்லாம் கழற்றிவிட்டு வெள்ளைச் சேலையில்தான் வரவேண்டும். மறு வருஷம் அந்த நாள் வந்தபோது எஸ்தர் அட்டிகையை டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். கதவைப் பூட்டித் தெருமுனைக்குப் போனவள், பாட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டுத் திரும்பி ஓடினாள். எடுத்துக்கொண்டு, மணி அடிக்க அடிக்கக் கோயிலுக்குள் நுழைந்தாள்.

உச்சிவெயிலில் மூன்று மணி நேர ஆராதனை; சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பிரசங்கம். பாதிரி ஐயர் இரண்டாம் பிரசங்கத்தைத் தொடங்கும்போது எஸ்தரின் கை இடுப்பைத் தடவியது. புத்தகம் எடுத்த பிறகு பூட்டினேனா?

சாவி இடுப்பில்தான் இருந்தது. அதனால் என்ன? அந்தப் பூட்டு திறந்து கிடந்தாலும் சாவி கையோடு வந்துவிடும். ஆண்கள் பக்கம் ரத்தினசாமி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். சைகை காட்டவும் வழியில்லை.

மூன்றாம் பிரசங்கத்தில் மஹ்பூபியின் முகம் வந்து நின்றது. பெட்டி எது, சேலை எது என்று அவளுக்குத் தெரியுமே! மகளுக்கு வேறு நிக்காஹ் பேசிக்கொண்டிருக்கிறாள். சுண்ணாம்பில் கால் வெந்து ரத்தினசாமி படுத்துக் கிடந்த மாசம் முழுக்கத் தன் வீட்டு அரிசியில் பாதியைக் கொண்டுவந்து கொட்டியவள் அந்த மஹ்பூபிதான். அது மட்டும் எஸ்தருக்கு ஞாபகம் வரவில்லை. பாவி மகள்! சிலுவைக்கு முன்னால் முழங்காலில் இருந்துகொண்டே அவளைத் திருடியாக்கிவிட்டாள்.

நாலாம் பிரசங்கம் தொடங்குமுன் எழுந்துவிட்டாள். ஆயுளில் ஒருநாளும் ஆராதனை நடுவே எழுந்தவள் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் சுடுகிற தெருவில் ஓடினாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. வாசற்படியில் தொழுகைப் பாயை விரித்து மஹ்பூபி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா எஸ்தரு, அதுக்குள்ள வன்ட்டே? பூட்டு சும்மா தொங்கிக்கினு இருந்துச்சி. எவனாச்சும் பூந்துடுவான்னு இங்கியே குந்திக்கினேன். தொழுகையும் இங்கியே முடிச்சிட்டேன். நீ போய் நிம்மதியா சாமி கும்புடு."

எஸ்தர் பாயைத் தாண்டி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சேலைகளை வாரி எறிந்தாள். அட்டிகை இருந்தது. மார்போடு அணைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்றாள். அன்று அவள் மனசார ஜெபித்தது அது ஒன்றுதான்.

திரும்பினால் மஹ்பூபி எழுந்து நின்று, சிதறிக் கிடந்த சேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்குதா, எஸ்தரு?"

எஸ்தர் அட்டிகையை முந்தானைக்குள் மறைத்தாள். மஹ்பூபி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாயை உதறிச் சுருட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். அந்த வீட்டில் பகலில் தாழ்ப்பாள் போடும் சத்தத்தை எஸ்தர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

ஈஸ்டர் காலையில் அட்டிகையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றாள். எதிர்க்கதவு திறக்கவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. சுண்ணாம்பில் மரத்துப்போன ரத்தினசாமியின் விரல்களுக்கு அந்தக் கொக்கி பிடிபடவில்லை. கடைசியில் நூலால் முடிந்துகொண்டு போனாள். ஆராதனை முடியும்வரை எஸ்தரின் கை பிடரியை விட்டு இறங்கவில்லை.