லிந்துலை மலைக்கோயிலுக்குப் பாதி வழி

எனக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் கழித்துப் போன பயணம் இது. நரம்புகளின் மேலுறையை உடம்பே அரிக்கிற நோய். எனக்கு வயது இருபத்தாறு. என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. களைத்தால் வலது கால் இழுக்கும், சூடு ஏறினால் ஒரு கண் மங்கும். கொழும்பு வெக்கை தாங்காமல், பெப்ரவரியில் தங்கை ரேணுகாவோடு மலைநாட்டுக்கு ரயில் ஏறினேன்.

தலவாக்கலையில் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ரயில் படி பிளாட்பாரத்துக்கு மேலே நல்ல உயரத்தில் இருக்கும், கவனம். ரேணுகா இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு குதித்தாள். நான் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறக்கினேன். அவள் கை நீட்டினாள், நான் பிடிக்கவில்லை.

அன்று ஓய்வு. மறுநாள் காலை எட்டு மணிக்கு த்ரீவீலர் பிடித்து, லிந்துலைக்கு மேலே அம்மா பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். போக, வர, காத்திருக்க மூவாயிரம் ரூபாய். வழியில் பெண்கள் பறித்த கொழுந்துச் சாக்கோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய இடுப்பு வலியும் அட்டைக்கடியும் எனக்குத் தெரியாதவையல்ல. இருந்தும் அந்தக் கால்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

தோட்டத்துக் கோயில் மலை உச்சியில் இருக்கிறது. சின்ன வயதில் எப்போதும் நான்தான் முதலில் ஏறுவேன். இந்த முறை பாதிப் படியில் வலது கால் மரத்துப்போனது.

"அப்ப நானும் ஏறல. ரெண்டு பேருமே எறங்கிருவோம்க்கா" என்றாள் ரேணுகா.

"நீ போயிட்டு வா."

போகமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். போனாள். முதலில் மெதுவாக, நான் பார்க்கிறேன் என்பதற்காக. வளைவு தாண்டியதும் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது.

கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்தேன். டிரைவர் அண்ணன் எழுந்து சீட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

"காலு சுளுக்கிருச்சாங்க?"

"நரம்பு வியாதிங்கண்ணே."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான் நெறைய பேருக்கு வருமாம்."

அவர் ஃபிளாஸ்கில் இருந்த பால் சேர்க்காத பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தார்.

ரேணுகா மூச்சு வாங்க, முகம் சிவந்து வந்தாள். "மேல ஒரே பனிக்கா. ஒண்ணுமே தெரியல. நீ வராததே நல்லது."

"பனியா?" டிரைவர் அண்ணாந்து பார்த்தார். "அந்தா கோயில் கொடி ஆடுறதே தெரியுதுங்களே."

ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளிடம் ஃபோனைக் கேட்டேன்.

"வேணாம்க்கா. ஒனக்குக் கஷ்டமா இருக்கும்."

"பொறாமையா இருக்கும். இருக்கட்டும். அதுக்காக எங்கிட்ட பொய் சொல்லாத."

படங்களில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தூரத்தில் நீர்த்தேக்கம், அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தேயிலை. யாரோ எடுத்துக் கொடுத்த ஒரு படத்தில் அவள் கோயில் மதில்மேல் எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று சிரித்தாள். அந்தக் காலைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"காத்து எப்புடி இருந்துச்சு?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். காற்றில் துப்பட்டா பறந்து மணியில் சிக்கியதை, பூசாரி திட்டியதை, எல்லாம். கேட்கக் கேட்கப் பொறாமை கூடியதே தவிர குறையவில்லை. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

என்னைப் போன்றவர்கள் போவதானால்: போய்ச் சேர்ந்த நாளில் எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் நடையை முடித்துவிடுங்கள். ஸ்டேஷனிலேயே பாத்ரூம் போய்விடுங்கள். தோட்டப் பாதையில் வசதி கிடையாது. ஊசி மருந்து இருந்தால், தங்குமிடத்தில் ஃபிரிட்ஜ் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மடக்குகிற ஊன்றுகோல் ஒன்று எடுங்கள். நான் வெட்கப்பட்டு எடுக்கவில்லை.

கூடப் போகிறவர்களுக்கும் ஒன்று. நீங்கள் உச்சி வரைக்கும் ஏறுங்கள். இறங்கி வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். எங்கள் முகம் சுருங்கினால் சுருங்கட்டும்.