இரண்டாவது பிரேக்

சாப்பாட்டு மேசைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்துகிறது. மேலே பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மனைவி தண்ணீர் ஜாடியை அவர் பக்கம் நகர்த்துகிறாள், அவ்வளவுதான். ஜாடி மேசை விளிம்பை நெருங்க நெருங்கக் கால் கீழே போகிறது. ஜாடி நின்றதும் கால் மெல்ல எழுகிறது.

"ஜாடி நின்னுடுச்சுங்க. காலை எடுங்க" என்கிறாள் அவள்.

"நான் எங்க அமுக்கினேன்?" என்கிறார் மாஸ்டர். பொய் சொல்லவில்லை, பாவம். அவருக்கே தெரியாது.

இருபத்தைந்து வருடமாக டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். அந்த வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழே இன்னொரு பிரேக் உண்டு. ஸ்டீயரிங், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் கற்றுக்கொள்பவரின் பாடு. உயிர் மட்டும் மாஸ்டரின் வலது காலில். கேக் கடைக்காரம்மா ஒருவர் ஆறு வாரமாக வருகிறார். எதிரே எது வந்தாலும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வார்.

"ஐயோ மாஸ்டர், லாரி!"

"லாரி அது பாட்டுக்கு வருது. நீங்க உங்க பாட்டுக்குப் போங்க. நான் இருக்கேன்ல."

இந்த 'நான் இருக்கேன்ல' மாஸ்டரின் கையெழுத்து மாதிரி. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வார். சொல்லும்போது குரலில் பதற்றம் துளியும் இருக்காது. பதற்றமெல்லாம் காலுக்குப் போய்விடும். லிஃப்ட் இறங்கும்போது அமுக்குவார். முடிவெட்டும் கடை நாற்காலியில் கத்தி காதருகே வரும்போது அமுக்குவார். டிவியில் கார் துரத்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். வலது ஷூவின் அடி எட்டு மாதத்தில் தேய்ந்துபோகும், இடது ஷூ புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும். வலதை மட்டும் தரமுடியுமா என்று கடையில் கேட்டுப் பார்த்திருக்கிறார். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்களாம்.

இப்படிப்பட்ட மனிதர் செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்ததும் எங்கே போகிறார் தெரியுமா? பிரேக்கே இல்லாத சைக்கிள் ஓட்ட.

நகருக்கு வெளியே சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய சிமெண்ட் வட்டம் ஒன்று இருக்கிறது. வளைவுகளில் தரை சுவர் போலச் சாய்ந்திருக்கும். மெதுவாகப் போனால் வழுக்கிக் கீழே வந்துவிடுவோம். அதில் ஓட்டும் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. மிதிப்பதை நிறுத்தவும் முடியாது. சக்கரம் சுற்றுகிற வரை பெடல் சுற்றும், பெடல் சுற்றுகிற வரை கால் சுற்றியே ஆகவேண்டும். ஆனால் மாஸ்டர் அங்கே புலி. ஐம்பதை நெருங்குகிற வயது, லேசான தொப்பை, அதையும் மீறி வளைவின் உச்சியிலிருந்து சரிந்து இறங்கி முன்னால் போகிறவர்களின் கழுத்தில் மூச்சு விடுவார்.

"அமுக்கறதுக்கு ஒண்ணு இருந்தாத்தானே கால் அமுக்கும்? இல்லேன்னா அது பேசாம மிதிக்கப் போயிடுது" என்பது அவர் விளக்கம். போன வருடம் மூத்தோர் பிரிவில் மூன்றாம் பரிசு. அந்தக் கோப்பையில் இப்போது மனைவி சீப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.

காலில் முடியை மழிப்பதும் உண்டு. விழுந்தால் காயத்துக்கு மருந்து போடச் சுலபம் என்று காரணம் சொல்கிறார். "என் காலைவிட உங்க கால்தான் பளபளன்னு இருக்கு. எதுக்கும் வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி என் பக்கத்துல உக்காராதீங்க" என்பாள் மனைவி. அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில், மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். கணவர் விஷயத்தில் கேட்கவா வேண்டும்.

மலைப்பாதைக்கு வந்தால்தான் மாஸ்டரின் சாயம் வெளுக்கும். அதற்கு வேறு சைக்கிள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், விரல் நுனியில் இரண்டு பிரேக். போதாதா? ஏற்றத்தில் இருபது வயசுப் பிள்ளைகளைத் தாண்டிப் போவார். இறக்கம் வந்ததும் எல்லோரும் அவரைத் தாண்டிப் போவார்கள். விரல்கள் பிரேக்கை விடாது. ஒரு சீஸனுக்கு நான்கு ஜோடி பிரேக் கட்டை தேய்ப்பார். அதிலும் கிளப்பின் வருடாந்திர மலைப் பந்தயத்தில், சுற்றின் கடைசியில் ஓர் இறக்கம் இருக்கிறது. நூற்றிருபது மீட்டர் மொட்டைப் பாறை, வழுக்கை என்று பெயர். வழுக்கையின் உச்சிக்கு வந்ததும் மாஸ்டர் இறங்கிவிடுவார்.

"ஷூ லேஸ் அவுந்துடுச்சு. நீங்க போங்க தம்பி."

அவருடைய சைக்கிள் ஷூவில் லேஸே கிடையாது, ஒட்டுப் பட்டைதான். தம்பிகளுக்கும் அது தெரியும். தெரிந்தாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், மரியாதை.

அப்படி இறங்கி நடந்ததில் போன வருடம் நேரம் தாண்டிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் வரவேண்டும் என்பது கிளப்பின் விதி. அடுத்தடுத்து இரண்டு வருடம் தவறினால் பந்தயக்காரர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து உல்லாசச் சவாரிப் பட்டியலில் போட்டுவிடுவார்கள். வெள்ளை நம்பர் அட்டை போய்ப் பச்சை அட்டை வரும். பன்னிரண்டு வருடமாக வெள்ளை அட்டை கட்டுகிறவர் மாஸ்டர். கிளப் செயலாளர் மருந்துக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார்: "அதுவும் நல்லாத்தான் இருக்கும் மாஸ்டர். நடுவுல நிறுத்தி போட்டோ எல்லாம் எடுப்பாங்க. சாண்ட்விச் குடுப்பாங்க."

அந்த சாண்ட்விச்சை மாஸ்டரால் ஒரு வருடம் விழுங்க முடியவில்லை. "சாண்ட்விச்சாம்ல!" என்பார் திடீரென்று, ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது.

இந்த வருடப் பந்தயத்தன்று காலை, சைக்கிள்களைச் சோதித்துக்கொண்டு வந்த செயலாளர் மாஸ்டரின் சைக்கிள் முன்னால் நின்றார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"மாஸ்டர், பிரேக் பிடி ரெண்டும் எங்க?"

"கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

"இருந்தா பிடிப்பேன்."

செயலாளர் நிமிர்ந்தார். "ஊருக்கே பிரேக் போடக் கத்துக்குடுக்கிறீங்க. உங்களை இப்படியே மலை மேல அனுப்பினா நாளைக்கு என் மருந்துக் கடையை நான் மூடணும். மாட்டிட்டு வாங்க, போங்க."

மாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வந்த காருக்குப் போனார். பிடிகளைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். மனைவி பக்கத்தில் நின்று ஸ்பேனரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அன்று வேலை வழுக்கையின் அடியில் மஞ்சள் கொடியோடு நிற்பது. யாராவது விழுந்தால் பின்னால் வருகிறவர்களுக்குக் கொடி காட்டவேண்டும்.

அவளுக்கு மாஸ்டரின் வலது காலோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் மாஸ்டரிடம் கற்றுக்கொள்ள வந்தவள்தான். லைசென்ஸ் தேர்வில் அதிகாரி பின்னால் உட்கார்ந்திருப்பார், மாஸ்டர் பக்கத்தில் இருப்பார். அவர் கால் பிரேக்கில் பட்டால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், எரிந்தால் ஃபெயில். மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் எரிந்தது. முதல் தடவை குறுக்கே நாய் வந்தது. இரண்டாம் தடவை ஒரு பந்து. "மூணாவது தடவை ரோட்ல ஒரு காக்கா கூட இல்ல. அப்பவும் எரியுது!" நான்காம் தடவை வேறு வாத்தியாரோடு போய் பாஸ் செய்தாள். அடுத்த மாதமே மாஸ்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். "நல்ல மனுஷன். கட்டிக்கலாம். பக்கத்துல வெச்சு வண்டி ஓட்டத்தான் கூடாது." அன்றிலிருந்து அவர் வண்டிக்குள் இருந்தால் அவள் சாவியைத் தொட்டதில்லை. இருபத்திரண்டு வருடம். தனியாக என்றால் எங்கே வேண்டுமானாலும் ஓட்டிப் போவாள்.

மலையை இரண்டு சுற்று சுற்றவேண்டும். முதல் சுற்றில் மாஸ்டர் வழுக்கையை நடந்தே இறங்கினார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் உட்கார்ந்து சறுக்கி, ஆறு நிமிடம். மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் சுற்றில் அவர் உச்சியில் வந்து நின்றபோது மிச்சமிருந்தது ஏழு நிமிடம். வழுக்கைக்கு அப்புறம் எல்லைக்கோடு வரை இன்னும் ஐந்நூறு மீட்டர். நடந்தால் பச்சை அட்டைதான். அது கணக்குப் போடாமலே தெரிந்தது.

அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. வழிவிடுகிறேன் என்று சொல்லக்கூட ஒரு தம்பி இல்லை. மாஸ்டர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, இரண்டு பிரேக்கையும் விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நிஜமாகவே பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருடம் மற்றவர்களைப் பயப்படாதே என்று சொல்லியே சம்பாதித்த ஆள்.

கீழேயிருந்து குரல் வந்தது. "என்னங்க! கையை எடுங்க!"

"கல்லு இருக்குடீ!"

"கல்லு அது பாட்டுக்கு இருக்கு! நீங்க உங்க பாட்டுக்கு வாங்க! நான் இருக்கேன்ல!"

கையில் ஒரு மஞ்சள் துணி. நூற்றிருபது மீட்டர் தள்ளி நிற்கிறாள். அவளால் என்ன செய்துவிட முடியும்? ஒரு மண்ணும் முடியாது. மாஸ்டருக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை இருபத்தைந்து வருடமாகச் சொல்லித்தான் வந்திருக்கிறாரே தவிர, யாரும் அவரைப் பார்த்துச் சொன்னதில்லை. கேட்கிற பக்கம் நின்றால் அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரேக்கை விட்டன.

இருபது வினாடி. வாய் முழுக்கத் திறந்திருந்தது. கத்தினாரா என்று அவருக்கு நினைவில்லை, கத்தினார் என்று அவள் சத்தியம் செய்கிறாள். பாறை, பள்ளம், ஒரு துள்ளல், மறுபடியும் பாறை. மனைவியைக் கடந்த வேகத்தில் கொடி படபடத்தது. வழுக்கை முடிந்துவிட்டது! சமதளம் வந்தது, குழந்தை கூட விழாத இடம்.

அங்கே மாஸ்டர் இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தார்.

எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பிடித்துப் பழகிய கை. முன் சக்கரம் நின்றது, மாஸ்டர் நிற்கவில்லை. மனைவி ஓடி வந்தபோது இடது தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வலிக்குது?"

"மணி என்ன?"

"அஞ்சரை நிமிஷம் இருக்கு. தோளைக் காட்டுங்க."

"தொடாதே! நீ தொட்டா செல்லாது."

விதி அதுதான். சைக்கிளோடு நடந்து கோட்டைத் தாண்டலாம், வேறொருவர் உதவக்கூடாது. மாஸ்டர் எழுந்து வலது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். இடது கை தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் முகம் கோணியது. மனைவி பக்கத்திலேயே வந்தாள், தவறிப்போய்க்கூடத் தொட்டுவிடக் கூடாது என்று கொடியை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

அரை நிமிடம் மிச்சம் வைத்து அவர் கோட்டைத் தாண்டினார். முதலுதவிக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்திருக்கும், எக்ஸ்ரே எடுங்கள் என்று கையைத் தூளியில் கட்டினார். "இறக்கத்துல விழலை, சமதளத்துலதான் விழுந்தேன். அதை நல்லா எழுதிக்குங்க" என்று மாஸ்டர் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னார். செயலாளர் வந்து, அடுத்த வருடமும் வெள்ளை அட்டைதான் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மாஸ்டர், சாண்ட்விச் மிச்சமிருக்கு..." என்று இழுத்தார்.

"குடுங்க. ரெண்டா குடுங்க."

திரும்பிப் போக இருந்த வண்டி டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒன்றுதான். மாஸ்டரால் ஓட்ட முடியாது. மனைவி கையை நீட்டினாள், அவர் சாவியை அதில் வைத்தார். வழக்கமான பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வலது கால் தானாகப் போய்த் தன்னுடைய பிரேக்கின் மேல் உட்கார்ந்தது. மலைச்சாலை, ஊசி வளைவுகள், எல்லாம் இறக்கம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் அந்தப் பழைய சிவப்பு விளக்கு இன்னும் இருந்தது. அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள்.

முதல் வளைவிலேயே எதிரே லாரி. முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. அவள் ஓரம் ஒதுக்கிக் கியரைக் குறைத்தாள். மாஸ்டர் குனிந்து இரண்டு ஷூவின் பட்டைகளையும் ஒற்றைக் கையால் பிரித்துக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, இரண்டாவது சாண்ட்விச்சைப் பிரித்தார்.